திருட்டு, இரக்கம், அப்பீல்: சில வாசிப்புகள்

1

தமிழில் ஒரு திருட்டு வழக்கின் மேல்முறையீட்டை முழுசாகப் பதிவுசெய்திருக்கும் பழைய பிரதி சிலப்பதிகாரம். நம் தமிழ் வகுப்புகளில் அதை இப்படிச் சொல்லித் தருவதில்லை. கற்பு என்பார்கள், ஊழ்வினை என்பார்கள், தமிழ்த் தேசியக் காப்பியம் என்பார்கள். நான் எம்.ஏ. படித்த இரண்டு வருசமும் வழக்குரை காதையைக் கண்ணகியின் ஆவேசமாகவே கேட்டுவந்தேன். 'வழக்குரை' என்கிற சொல்லை ஒருத்தரும் நிறுத்தி வாசிக்கவில்லை. புருசனைத் திருடன் என்று சொல்லி வெட்டிப்போட்டுவிட்டார்கள். அதுக்கப்புறம் ஒரு பொம்பளை அரண்மனை வாசலுக்குப் போகிறாள், வாயிற்காவலனிடம் சொல்லியனுப்புகிறாள், உள்ளே போய்த் தன் தரப்பைச் சொல்கிறாள், சான்றுப் பொருளை எல்லார் முன்னாலும் உடைத்துக் காட்டித் தீர்ப்பு தப்பு என்று ராசாவையே ஒப்புக்கொள்ளவைக்கிறாள். இதற்குப் பேர் அப்பீல். தண்டனையை நிறைவேற்றிய பிறகு வந்த அப்பீல்.

நான் இப்படி வாசிக்க ஒரு காரணம் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்துக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் பகுதிகளில் பிள்ளைகள் மேல் திருட்டுக் கேஸ் விழுவது புது விசயமில்லை. அந்தத் தாய்மார்களோடு கெல்லீஸில் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அலைகிறவர்களில் நானும் ஒருத்தி. ஜாமீன் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். வயசுச் சான்றுக்காகப் பள்ளிக்கூடத்துக்கும் மாநகராட்சி ஆபீசுக்கும் நடந்திருக்கிறேன். புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பிய உத்தரவுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அப்பீல் மனு ஒன்றைக்கூட என் கண்ணால் பார்த்ததில்லை. 'நான் எடுக்கலக்கா' என்று பையன் சொல்கிறான். அப்பீல் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருந்தும் யாரும் போவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கோர்ட்டில் மட்டும் பதில் தேடினால் கிடைக்காது. திருட்டுப் பட்டம் சுமந்த ஏழைப் பிள்ளையை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டவை இலக்கியமும் சினிமாவும். சட்டமும் ஒரு பிரதிதான். அதற்கும் சொல்லாட்சி இருக்கிறது, கதைப்போக்கு இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கிறேன்.

2

முதலில் கொலைக்களக் காதை. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலன் கையில் சிலம்பைப் பார்த்ததும் பழியை இறக்கிவைக்க ஆள் கிடைத்தான் என்று அரண்மனைக்கு ஓடுகிறான். ஊடலில் இருக்கும் தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், நடையை நிறுத்தாமலே, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லிவிடுகிறான். விசாரணை அவ்வளவுதான்.

காவலர்கள் வந்து பார்க்கிறார்கள். அதில் ஒருத்தன், இவனுடைய இலக்கணத்தைப் பார்த்தால் கொல்லப்படவேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறான். கோவலனுக்காக அந்த இடத்தில் பேசப்பட்ட ஒரே வாதம் இது. வாதத்தின் ஆதாரம் என்ன? முகம். உடல்வாகு. பெருவணிகன் வீட்டுப் பிள்ளை என்று காட்டும் சாயல். அதற்குப் பொற்கொல்லன் சொல்லும் மறுப்பு, களவு நூலிலிருந்து. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டையும் அடுக்கித் திருடன் எந்த வேசத்திலும் வருவான் என்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே படிப்பறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் வாளை வீசிவிடுகிறான். படித்தவன் உத்தரவு போட்ட கொலையைப் படிக்காதவன் கையில் கொடுத்துச் செய்யவைப்பது காப்பியத்தின் சாமர்த்தியம்.

கண்ணகியின் அப்பீல் ஏன் எடுபட்டது? அவளிடம் இன்னொரு சிலம்பு இருந்தது. முத்துப் பரல் வேறு, மாணிக்கப் பரல் வேறு என்று உடைத்துக் காட்டினாள். அதுமட்டும் இல்லை. யாரம்மா நீ என்று கேட்டதும் அவளால் சோழ மன்னர்களின் நீதிக் கதைகளில் தொடங்கிப் புகார் நகரம், மாசாத்துவான் குடும்பம் என்று வரிசையாகச் சொல்ல முடிந்தது. ஊரும் குலமும் சொத்தும் சான்றும் இருந்த ஒருத்திக்கே புருசன் உயிர் போன பிறகுதான் வாசல் திறந்தது. இது எதுவும் இல்லாதவர்கள் வாயிற்காவலனைத் தாண்டியிருப்பார்களா?

அப்பீல் ஜெயித்த பிறகு நடந்ததையும் வாசிக்கவேண்டும். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலிகொடுத்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்கிறது. திருடியவன் ஒருத்தன். தண்டனை அந்தத் தொழில்செய்த ஆயிரம் பேருக்கு. பாண்டிய நாட்டில் மழை பெய்ததாம். நம் பேராசிரியர்கள் இந்த இடத்தைக் 'களவேள்வி' என்று பொருள் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். என்னால் தாண்ட முடியவில்லை. ஒருத்தனுடைய குற்றத்தை அவன் பிறந்த கூட்டத்தின் கணக்கில் எழுதும் புத்தி அங்கேயே முழுசாக இருக்கிறது. வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது அதைப் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. 1897இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 4 வயசு முதல் 18 வயசு வரையான பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்கலாம் என்றான். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அந்தச் சட்டம் வந்தது. நாடு முழுக்க அதை நீக்கியது 1952இல். சட்டம் போனது. இலக்கணம் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்கும் கண் போகவில்லை. கோவலனுக்கு ஆதரவாக நின்ற அதே இலக்கணம்தான் கொருக்குப்பேட்டைப் பையனுக்கு எதிராக நிற்கிறது. கறுத்த உடம்பு, செம்பட்டை அடித்த முடி, ரப்பர் செருப்பு, ராத்திரி 11 மணி. போதும்.

3

இப்போது சட்டப் பிரதி. 1897இல் வந்த சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தில் 16ஆவது பிரிவு ஒன்று உண்டு. பையனுடைய வயசு என்ன என்று மாஜிஸ்ட்ரேட் முடிவுசெய்த உத்தரவையும், ஜெயிலுக்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளி என்று போட்ட உத்தரவையும் அப்பீலிலோ சீராய்விலோ மாற்ற முடியாது என்று அது சொன்னது. ஜெயிலுக்கு அனுப்பினால் மேலே போகலாம். பள்ளிக்கு அனுப்பினால் போக முடியாது. ஏனென்றால் பள்ளி தண்டனை இல்லை, நன்மை. நன்மையை எதிர்த்து யாராவது மனுப் போடுவார்களா? செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி இந்தக் காலத்து நன்மைதான்.

1920இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் முன்னாலேயே நம் மாகாணத்தில் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பிறகு 1986, 2000, 2015 என்று மூன்று மத்தியச் சட்டங்கள். இன்றைக்கு நடப்பில் உள்ள 2015ஆம் வருசச் சட்டத்தின் 101ஆவது பிரிவு, குழுமத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட யாரும் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. தக்க காரணம் இருந்தால் 30 நாள் தாண்டியும் ஏற்றுக்கொள்ளலாம். அந்த மேல்முறையீட்டை 30 நாளில் முடிக்கவேண்டும். திருட்டுக் கேஸில் குழுமம் பையனை விடுவித்துவிட்டால் அதை எதிர்த்து அப்பீல் கிடையாது. உயர் நீதிமன்றத்தின் சீராய்வு அதிகாரம் 102ஆவது பிரிவில் தனியாக இருக்கிறது. 18 வயசு நிரம்பவில்லை என்கிற கோரிக்கையை எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகுகூட, எழுப்பலாம் என்கிறது 9ஆவது பிரிவு. 1897ஆம் வருசச் சட்டம் பூட்டிவைத்த இரண்டு கதவும் காகிதத்தில் திறந்துதான் இருக்கின்றன.

அப்புறம் ஏன் யாரும் நுழைவதில்லை? இந்தச் சட்டத்தின் மொழியைக் கவனியுங்கள். பிள்ளைகள் விசயத்தில் குற்றஞ்சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. 2007ஆம் வருச விதிகள் கைது, ரிமாண்ட், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றப்பத்திரிகை, விசாரணைக்கான வழக்கமான சொல், தண்டனைத் தீர்ப்பு, ஜெயில் என்று ஒரு பட்டியலே போட்டு விலக்கிவைத்தன. குழுமத்தில் உயரமான மேடை கூடாது, கூண்டு கூடாது. போலீஸ் சீருடையில் வரக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது. பையன் குற்றவாளி இல்லை. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை'. இதையெல்லாம் நான் கிண்டல் பண்ணவில்லை. இதற்காகப் போராடியவர்களை மதிக்கிறேன். விலங்கு மாட்டிய 13 வயசுக் கையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் விசயம் போய்விடுமா? பையன் மூன்று வாரம் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால் அது ஜெயில் இல்லை. பிடித்துவந்தால் அது கைது இல்லை. திருவொற்றியூர்த் தாய் ஒருத்தர் என்னிடம் கேட்டது இது:

'கைது இல்லன்றாங்க, ஜெயிலு இல்லன்றாங்க, தண்டனையும் இல்லன்றாங்க. அப்ப எத்த எதுத்தும்மா அப்பீலு போறது?'

இதைவிடச் சரியான பிரதி விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. குற்றம், தண்டனை என்கிற சொற்களை நாசூக்காக அகற்றும்போது அவற்றை மறுத்துப் பேசும் சொற்களுக்கும் இடமில்லாமல் போகிறது. எதிரி இருந்தால்தானே எதிர்வாதம். அங்கே எல்லாரும் பையனின் நலம் விரும்பிகள்.

4

நடைமுறையைச் சொல்கிறேன். சாதாரணத் திருட்டுக்குச் சட்டப்படி அதிகபட்சம் மூன்று வருசம். அதனால் 2015ஆம் வருசச் சட்டத்தில் அது சிறு குற்றம். சிறு குற்றத்தில், பெரியவர்களும் சேர்ந்த கேஸாக இல்லாத பட்சத்தில், பிள்ளை மேல் முதல் தகவல் அறிக்கையே போடக்கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் கொண்டுவரவேண்டும். விசாரணையை நாலு மாசத்தில் முடிக்கவேண்டும், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாசம். அதற்குள்ளும் முடியவில்லை என்றால் சிறு குற்ற வழக்கு தானாகவே முடிந்துபோகும்.

சிறு குற்றம் என்பதால் சுருக்க விசாரணை. பையனிடம் கேட்கிறார்கள். அவனுக்கு ஸ்டேசனிலேயே, வாசலிலேயே, சில சமயம் அவனுக்காக வந்த வக்கீல் வாயாலேயே சொல்லப்பட்ட புத்தி ஒன்றுதான்: 'ஒத்துக்கினீன்னா இன்னிக்கே வூட்டுக்குப் போயிர்லாம்.' ஒத்துக்கொள்கிறான். அறிவுரை சொல்லி விடுகிறார்கள், அல்லது நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் போடுகிறார்கள். அம்மா கும்பிட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறாள். பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் அந்த 30 நாள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அது ஓடுவது அவளுக்குத் தெரியாது. உத்தரவின் நகல் கையில் இல்லை. சுருக்க விசாரணையில் சாட்சியத்தின் சாரம்தான் எழுதப்படும் என்பதால், போனாலும் மேலே காட்டி வாதாட அதிகம் இருக்காது. பெரியவர்களுக்கான குற்றவியல் நடைமுறையில், குற்றத்தை ஒத்துக்கொண்டவர் தண்டனையின் அளவையோ சட்டப்பொருத்தத்தையோ தவிர வேறெதையும் அப்பீலில் எழுப்ப முடியாது. பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருந்தாலும் ஒத்துக்கொண்டவன் எந்த வாயால் மறுப்பான் என்கிற கேள்வி அங்கேயும் காத்திருக்கும்.

ரயில்வே தண்டவாளத்தோரம் கேஸ் இன்னும் மோசம். தண்டையார்பேட்டை யார்டிலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் தண்டவாளத்தோரம் குடியிருக்கும் சனங்களுக்கு இது தெரியும். இரும்புத் துண்டோ நிலக்கரியோ கையில் இருந்தால் 1966ஆம் வருச ரயில்வே சொத்துச் சட்டம் பாயும். அதில் முதல் தடவைக்கே ஐந்து வருசம் வரை போடலாம். சாதாரணத் திருட்டைவிடக் கனமான குற்றமாகிவிடுகிறது. அதுமட்டும் இல்லை. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது எல்லாரும் கேள்விப்பட்ட விசயம். ஆனால் இந்தச் சட்டப்படி விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி, சாட்சியச் சட்டம் சொல்லும் 'போலீஸ் அதிகாரி' இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. அவரிடம் எழுதிக்கொடுத்தது சாட்சியமாக நிற்கும். அதே காக்கி, அதே லத்தி. பார்க்கிற பையனுக்கு வித்தியாசம் தெரியுமா?

வீட்டுக்குப் போய்விட்டான், என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்காக உண்மையாகவே உழைக்கும் ஒரு வக்கீல் என்னிடம் சொன்னார்: 'அப்பீல் போனா இன்னும் ரெண்டு மாசம் கோர்ட்டு வாசல்ல நிப்பான்ம்மா. ஸ்கூல் போகும். அம்மாவுக்குக் கூலி போகும். இதோட மறக்கட்டும்னு விடுறதுதான் அவனுக்கு நல்லது.' இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஆனால் மறப்பது யார்? சட்டம் மறக்கச் சொல்கிறது. 24ஆவது பிரிவு, அப்பீல் காலம் முடிந்ததும் பதிவேடுகளை அழிக்க உத்தரவிடவேண்டும் என்கிறது. அடுத்த தெருவில் ஒரு செல்போன் காணாமல் போனால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் அழிந்தது எது, அழியாதது எது என்று தெரியும். ஒருதரம் 'ஆமா' சொன்ன பையன் அப்புறம் எத்தனைதரம் 'இல்ல' சொன்னாலும் எடுபடாது. முதல் கேஸில் போகாத அப்பீலுக்கான விலையை மூணாவது கேஸில் கொடுக்கிறான்.

5

'காக்கா முட்டை' படத்தை எங்கள் பகுதியில் எல்லாரும் கொண்டாடினோம். மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும், இரண்டு சிறுவர்களுக்கும் குழந்தை நட்சத்திர விருதும் கிடைத்தன. அப்பா ஜெயிலில். அம்மா அவரை ஜாமீனில் எடுக்கக் காசு சேர்க்கிறாள். பிள்ளைகள் தண்டவாளத்தோரம் விழுந்த நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். 299 ரூபாய் பீட்சாவுக்காக ஒவ்வொரு ரூபாயாகச் சேர்க்கிறார்கள். கடை வாசலில் பெரியவனுக்கு அறை விழுகிறது. அந்த அறை நம் எல்லார் கன்னத்திலும் விழுந்தது. நல்ல படம். ஆனால் நாம் ஏன் அந்தப் பிள்ளைகளை இவ்வளவு நேசித்தோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அவர்கள் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். நாம் அவர்களைத் திருடர்களாகப் பார்க்கவேண்டிய சங்கடத்தைப் படம் நமக்குத் தரவில்லை. ரயில்வேயில் வேலைசெய்யும் பழரசம் கரி எடுக்க வழிகாட்டுவது நமக்கு ஈரமான நட்பு. 1966ஆம் வருசச் சட்டத்துக்கு அது வேறு மாதிரி. அந்தக் கரி மூட்டையோடு ஒரு சீருடைக்காரர் கையில் அவர்கள் மாட்டியிருந்தால் என்கிற காட்சி படத்தில் கிடையாது. இருந்திருந்தால் நம் கண்ணீர் எவ்வளவு தூரம் வந்திருக்கும்?

இது இந்தப் படத்தின் குறை மட்டும் இல்லை. டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்டில் (1837–39) இரண்டு பையன்கள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்கிறார்கள். திருடாத ஆலிவருக்குச் சாட்சி சொல்லப் புத்தகக் கடைக்காரர் ஓடிவருகிறார். கடைசியில் அவன் நல்ல குடும்பத்து ரத்தம் என்று தெரிகிறது. இன்னொருவன் டாட்ஜர். கோர்ட்டில் நின்று என் உரிமை எங்கே, என் வக்கீல் எங்கே என்று கேட்கிறவன் அவன்தான். டிக்கன்ஸ் அதைச் சிரிப்புக் காட்சியாக எழுதினார். சிரிப்பு முடிந்ததும் டாட்ஜர் நாடு கடத்தப்படுகிறான். அப்பாவிக்கு இரக்கம், உரிமை கேட்டவனுக்கு நக்கல். த்ரூஃபோவின் '400 அடிகள்' (1959) படத்துப் பையன் திருடிய டைப்ரைட்டரைத் திருப்பி வைக்கப் போகும்போது மாட்டுகிறான். அப்பாவே போலீசில் ஒப்படைக்கிறார். கண்காணிப்பு இல்லத்திலிருந்து தப்பிக் கடல்வரைக்கும் ஓடுகிறான். அவன் சார்பாகப் பேச யாரும் இல்லாத இடத்தில் ஓட்டம்தான் அவன் போட்ட அப்பீல். எங்கள் பையன்களுக்குக் கடல் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஓடிப்போய்ச் சேர இடமில்லை.

நம் சிறுகதைகளிலும் இதே கதைப்போக்குதான். பசி, ஒரு சின்னத் திருட்டு, அடி, ஒரு நல்ல மனுசரின் மன்னிப்பு. மன்னிப்பு என்றாலே குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தம். பையன் 'நான் எடுக்கல' என்று கடைசிவரைக்கும் சொல்லி அதை நிரூபிக்கப் போராடுகிற கதையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏழைப் பிள்ளையின் வாயில் பசியை வைக்கத் தெரிந்த நமக்கு வழக்கை வைக்கத் தெரியவில்லை.

6

வெளிநாட்டில் இந்த இரக்கத்தோடு மோதியவர்கள் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம். 1964இல் 15 வயசுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரம். வக்கீல் இல்லை, புகார் கொடுத்தவரும் வரவில்லை, நடந்ததை எழுதிவைக்கவும் இல்லை. பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம் அல்லது அதிகபட்சம் இரண்டு மாசம் சிறை. பையனுக்கு 21 வயசுவரை, அதாவது ஆறு வருசம், சீர்திருத்தப் பள்ளி. சிறார் வழக்கில் அந்த மாநிலத்தில் அப்பீலே கிடையாது. தாய்தகப்பன் ஆட்கொணர்வு மனுப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1967இல் வந்த கால்ட் தீர்ப்பு, என்ன குற்றம் என்று முன்கூட்டித் தெரிவிப்பது, வக்கீல் வைப்பது, சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்வது, தனக்கெதிராகத் தானே பேச மறுப்பது ஆகிய உரிமைகள் பிள்ளைகளுக்கும் உண்டு என்றது. அப்பீல் உரிமை பற்றி மட்டும் முடிவு சொல்லாமல் விட்டுவிட்டது.

1970இல் வின்ஷிப் வழக்கு. இது நேராகத் திருட்டு. நியூயார்க்கில் 12 வயசுப் பையன், ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து 112 டாலர் எடுத்தான் என்று கேஸ். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகவில்லை என்றாலும், சிறார் வழக்குக்கு அது தேவையில்லை, எடுத்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்பதே போதும் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். முதலில் 18 மாசம். நீட்டிக்க நீட்டிக்க ஆறு வருசம்வரை போகலாம். அப்பீல் மேல் அப்பீலாகப் போய், பிள்ளை மேல் குற்றம் சுமத்தினாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு சில்லறைத் திருட்டுக் கேஸை ஒரு குடும்பம் விடாமல் பிடித்ததால் அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு உரிமை கிடைத்தது. அப்பீலின் பலன் அந்த ஒரு பையனோடு நிற்பதில்லை. போகாத அப்பீலின் நஷ்டமும் அப்படித்தான்.

7

நம் ஊரில் அப்பீல் எப்போது தொடங்குகிறது? 1993இல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோகப்பட்ட குறவர் சமூகத்து மனிதர் திரும்பவில்லை. அவர் மனைவி ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் வந்தார். 'ஜெய்பீம்' (2021) அந்தக் கதைதான். 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயசுப் பையன், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டுச் செங்கல்பட்டு அரசினர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். சில நாளில் செத்துப்போனான். அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்கள் 6 பேர் கைதானார்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. பையன் பேரையும் படத்தையும் பத்திரிகைகள் போட்டன. சட்டத்தின் 74ஆவது பிரிவு பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது, நான் எழுதவில்லை. அவன் பேட்டரியை எடுத்தானா இல்லையா என்பதை அவன் இருக்கும்போது யாரும் விசாரித்து முடிக்கவில்லை.

கண்ணகியிலிருந்து இன்றைக்குவரை திருட்டுக் கேஸில் நமக்கு வாசல் திறப்பது பிணம் விழுந்த பிறகு. உயிரோடு இருக்கிற பையனுக்கு அப்பீல் கிடையாது. செத்த பையனுக்குக் குழு உண்டு. 2020 ஜூனில் ராயபுரம் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா என்றதும் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கேட்டது நல்லது. தொற்றும் சாவும் மேலே போகிற அளவுக்கு ஒரு பிள்ளையின் 'இல்ல' என்கிற சொல் மேலே போவதில்லை.

இதே வடசென்னையில் அப்பீல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் பல வருசமாகத் திறந்தவெளியில் கொட்டி இறக்கிய நிலக்கரியும் இரும்புத் தாதும் ராயபுரத்துச் சனங்களின் சோற்றிலும் நெஞ்சிலும் படிந்தன. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அந்தச் சரக்கு எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. தூசும் கூடவே போனது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாசம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து சனங்கள் ராத்திரியில் ஓடினார்கள். மீன் போனது, இறால் போனது, மூச்சு போனது. எடுத்ததற்குப் பேர் திருட்டு இல்லை. மாசு, விபத்து, விதிமீறல். நிபுணர் குழு, பசுமைத் தீர்ப்பாயம், அதற்குமேல் உச்ச நீதிமன்றம் என்று படிக்கட்டு நீளமாக இருக்கிறது. அந்தப் படிக்கட்டில் ஏறக் கம்பெனிகளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அந்தக் கரியில் சிந்தியதைச் சாக்கில் அள்ளிய பையனுக்குத்தான் ஒரே படி: ஒத்துக்கோ.

8

எடுத்தவனும் இருக்கிறானே என்று கேட்பீர்கள். இருக்கிறான். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் தேவதூதர்கள் என்று நான் எழுதினால் அதுவும் இரக்கக் கதைதான். எடுத்தவனுக்கும் அப்பீல் உண்டு. எடுத்தது என்ன, எவ்வளவு, அவனோடு இருந்த பெரியவன் எங்கே, அடித்து வாங்கிய கையெழுத்தா, விதித்தது கூடுதலா, வயசைச் சரியாகப் பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை குற்றமற்றவர்களுக்கு மட்டும் எழுதிவைத்தது இல்லை. அண்ணல் அம்பேத்கர் நமக்காகக் கருணை மனு எழுதவில்லை. உரிமை எழுதினார். கருணை கொடுக்கிறவன் கையில் இருக்கிறது. இன்றைக்குத் தருவான், நாளைக்கு மாட்டேன் என்பான். உரிமை அப்படி இல்லை.

அதனால் களத்தில் நிற்கும் தோழர்களுக்குச் சில விசயம். 'ஒத்துக்கோடா, போயிர்லாம்' என்பதை நம் வாயால் சொல்லக்கூடாது. ஒத்துக்கொண்டால் என்ன, மறுத்தால் என்ன என்று பையனுக்கும் அம்மாவுக்கும் புரிகிற தமிழில் சொல்லி அவர்களை முடிவெடுக்க விடவேண்டும். உத்தரவு நகலை அன்றைக்கே கேட்டு வாங்கவேண்டும். தேதியைச் சுவரில் எழுதி 30 நாளை எண்ணவேண்டும். காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேட்கலாம். சட்ட உதவி பிள்ளைக்கு உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாசம் தாண்டியும் சிறு கேஸ் இழுத்தால் முடிக்கச் சொல்லி மனுக் கொடுக்கவேண்டும். பதிவேட்டை அழித்தார்களா என்று எழுத்தில் கேட்கவேண்டும். வருசத்துக்கு நாலு அப்பீல் மேலே போனால் கீழே கேட்கும் கேள்வியின் தொனி மாறும். மாறுமா என்று பார்ப்பதற்காவது போகவேண்டும்.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று. தலித் எழுத்து தன்வரலாற்றைக் கொண்டுவந்தது, சாட்சியத்தைக் கொண்டுவந்தது. கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்த பிள்ளையின் சாட்சியம் இன்னும் நம் பக்கங்களுக்கு வரவில்லை. பேர் போடாமல், ஊர் போடாமல், அவன் சொன்னபடியே எழுதி வாங்குங்கள். அழுகையை நாம் சேர்க்கவேண்டாம், மன்னிப்பையும் சேர்க்கவேண்டாம். அவன் 'நான் எடுக்கல' என்று சொன்னால் அந்த வாக்கியம் அப்படியே அச்சில் இருக்கட்டும். இல்லை, 'எடுத்தேன், ஆனா அவங்க சொல்ற மாரி இல்ல' என்று சொன்னால் அதுவும் இருக்கட்டும். அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் நாம் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.